காலி பாட்டிலும் புது நிரப்பும்: கேள்வி பதில்

காட்பாடிப் பக்கம் 22 வருடமாக ஊறுகாயும் பொடியும் போட்டு விற்கிறேன். சமையலறைக் காலி பாட்டில், டப்பா, ஜாடி இவற்றைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துவது பற்றி யார் வேண்டுமானாலும் இன்று கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

குடியாத்தம் அக்கா: சாஸ் பாட்டில் தீர்ந்ததும் பெரிய பாக்கெட் வாங்கி அதிலேயே நிரப்புகிறேன். பத்து நாளில் வாய்ப்பக்கம் கறுப்பாகப் பூத்துவிடுகிறது.

மூடியைத் திருகி எடுத்து உள்பக்கம் பாருங்கள் அக்கா. அமுக்கி ஊற்றுகிற பாட்டில்கள் பலவற்றில் ரப்பர் போல ஒரு சின்ன வட்டம் இருக்கும், நடுவில் கூட்டல் குறி மாதிரி வெட்டு. பழைய சாஸ் அந்த மடிப்பில் தங்கித்தான் பூஞ்சணம் வருகிறது. பாட்டிலைப் பளபளவென்று கழுவிவிட்டு மூடியை மறந்துவிடுகிறோம். வட்டத்தைப் பல்குச்சியால் நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, தனியாகக் காயவையுங்கள். பூத்தது போகவில்லை என்றால் மூடியைத் தூக்கிப் போடுங்கள். நிரப்பிய பாட்டிலும் மீதிப் பாக்கெட்டும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பழசு மிச்சம் இருக்கும்போதே அதன் மேல் புதுசை ஊற்றாதீர்கள்.

ராணிப்பேட்டை தம்பி: 1 லிட்டர் பாட்டிலில் 1 கிலோ எண்ணெய் ஊற்றினால் வழிகிறது. பாட்டில் அளவு குறைவா?

பாட்டில் சரிதான் தம்பி. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அப்படியென்றால் 1 கிலோ என்பது ஏறக்குறைய 1,100 மில்லி. மீதி 100 மில்லிக்கு வேறு சின்ன பாட்டில் எடுத்து வையுங்கள். கடையில் லிட்டர் விலையையும் கிலோ விலையையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்றும் நம்பிவிட வேண்டாம். 100 கிராம் எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

வாலாஜா: காலி ஜாம் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினேன், விரிசல் விட்டுவிட்டது.

குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் அப்படித்தான் ஆகும். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டிலை வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் சேர்த்தே சூடாக்குங்கள். கொதி வந்தபின் 10 நிமிடம் போதும்.

பாகாயம்: டப்பா அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிறது. ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டுமா?

இல்லை. அது எத்தனை தடவை என்கிற கணக்கும் இல்லை, தரமும் இல்லை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதற்கான எண். 1 என்றால் பெட், 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். பெட் 70 டிகிரி வாக்கில் இளகிவிடும். வறுத்து அரைத்த சூட்டோடு சாம்பார்ப்பொடியை அதில் கொட்டினால் டப்பா கோணிக்கொள்ளும். ஆறிய பொடிக்கும் பருப்புக்கும் பெட் போதும். ஊறுகாய்க்கு நான் கண்ணாடி, பீங்கான் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

வாணியம்பாடி: எங்கள் போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பாட்டில் முழுக்க வெள்ளைப் படலம்.

தண்ணீரில் உள்ள உப்புதான் அது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊற்றி வையுங்கள். புளித்தண்ணீரும் கேட்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர்.

அணைக்கட்டு: டப்பா அடியில் 5 இருந்தால் ஐந்து தடவையா?

பாகாயத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஆரணி ஐயா: கழுவு, கொதிக்கவை என்று சொல்கிறீர்கள். எங்கள் அம்மா 40 வருடம் ஒரே ஜாடியில் ஊறுகாய் போட்டார். ஒருநாளும் கழுவியதில்லை. அடி எண்ணெயை விட்டுவைத்து அதன் மேல்தான் புது மாங்காய். தயிருக்கு உறை மாதிரி.

ஐயா, கழுவாததில் நியாயம் இருக்கிறது. ஈரம் புகவில்லை. பீங்கான் ஜாடியைக் கழுவிவிட்டு அரைகுறையாகக் காயவைப்பதைவிட, உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைப்பது மேல். உறை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தயிரில் நமக்கு வேண்டிய கிருமி பெருகுகிறது. எண்ணெயில் பெருகுவது காறல்தான்.

ஆற்காடு: ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பேர்ணாம்பட்டு: எங்கள் வீட்டில் அப்படிச் செய்து ஒரு ஜாடி மாங்காயும் வீணானது.

ஆரணி ஐயா: ஒருதடவைகூட எங்கள் வீட்டில் காறவில்லையே?

உங்கள் அம்மா நல்லெண்ணெய் ஊற்றியிருப்பார். அதற்கு இயற்கையாகவே காறலைத் தடுக்கும் சத்து உண்டு. கடலை எண்ணெய்க்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. ஒரு கத்திரி வெயிலில் நானே பார்த்தேன். ஒரே டின் கடலை எண்ணெய், இரண்டு பாட்டில். ஒன்று சுத்தமாகக் காய்ந்தது. இன்னொன்றின் அடியில் இரண்டு விரல் பழைய எண்ணெய். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது இரண்டாவதில் பழைய பெயின்ட் டப்பா வாடை. முதல் பாட்டில் அப்படியே இருந்தது. காறல் சங்கிலி மாதிரி, கெட்ட எண்ணெய் நல்ல எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். மேலே ஊற்றாதீர்கள் என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

சத்துவாச்சாரி: பூண்டை எண்ணெயில் போட்டு, கொதிக்கவைத்த பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கலாமா?

கூடாது. உப்பும் புளிப்பும் இல்லாத பூண்டு காற்றுப் படாமல் எண்ணெய்க்குள் கிடந்தால் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கலாம். வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. பாட்டிலைக் கொதிக்கவைப்பதால் பூண்டில் இருக்கும் கிருமி வித்து சாகப்போவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளில் தீர்த்துவிடுங்கள்.

திருப்பத்தூர்: அடியில் 2 என்றால்?

மேலே எழுதிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

காவேரிப்பாக்கம்: காலி சாஸ் பாட்டிலில் கழிவறை ஆசிட் ஊற்றி வைக்கலாமா? வீணாகப் போகிறதே.

வேண்டவே வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு குழந்தை சர்பத் பாட்டிலில் இருந்த ஆசிட்டை ஒரு வாய் குடித்துவிட்டது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சாப்பாட்டு பாட்டிலில் சாப்பாடு மட்டும்தான். பினாயிலோ பூச்சிமருந்தோ இருந்த பாட்டில் எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குள் வரக்கூடாது.

பள்ளிகொண்டா: மஞ்சள்தூள் டப்பாவின் கறை போகவில்லை.

திறந்து வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும்.

ஆரணி ஐயா: சரியம்மா, இந்தத் தடவை அடி எண்ணெயை எடுத்துவிடுகிறேன். ஜாடி வாய் குறுகல், கை போகாது. உள்ளே காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி ஐயா. வெயிலில் கவிழ்த்து அப்படியே விட்டுவிட வேண்டாம், ஆவி உள்ளேயே தங்கும். இரண்டு மரக்கட்டை மேல் வாய் சாய்ந்தாற்போல் வைத்தால் காற்று போய்வரும். சாயங்காலம் ஒரு பிடி காய்ந்த கல்லுப்பை உள்ளே போட்டு, ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். உப்பு கலகலவென்று உதிர்ந்தால் மாங்காய் போடலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தால் இன்னொரு நாள் வெயில்.