தண்ணீர், புகை, இரும்பு மாத்திரை: சர்க்கரை நோயும் உலோகங்களும்

கேள்வி: எடை சரியாக இருக்கிறது, வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. ஆனாலும் 46 வயதில் எனக்கு வந்துவிட்டது. பல வருடங்களாகக் குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் உறுதியாகச் சொல்லிவிடாது. பாறைகளிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இயற்கையாகவே நிலத்தடி நீரில் கரையும். நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. தைவானிலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதை ஆர்சனிக் மந்தமாக்குகிறது. சுரந்த இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்ப்பதையும் கெடுக்கிறது. அளவு குறைவாக இருந்தால் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 'ஆர்சனிக் பார்க்க வேண்டும்' என்று தனியாகச் சொல்லிக் கேளுங்கள்; நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அது தெரியாது. அப்புறம், நல்ல வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். காய்ப்புக் காய்க்கிற வேலை எதுவும் செய்யாமலே சோளமணி போலச் சிறு சிறு தடிப்புகள் தட்டுப்பட்டால், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகள் இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்டகால ஆர்சனிக் பாதிப்பு தோலில் அப்படித்தான் தெரியும்.

கேள்வி: கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. ஒரு லிட்டரை அரை லிட்டராகச் சுண்டவைத்தால் அதே ஆர்சனிக் பாதித் தண்ணீரில் நிற்கும், அதாவது செறிவு இரட்டிப்பாகும். ஆர்ஓ கருவி பெருமளவு குறைக்கும். ஆனால் நீரில் ஆர்சனிக் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால், கருவியிலிருந்து வரும் தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. புகைப்பதே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதோடு, புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுத்து இலையில் சேர்க்கிறது. புகை வழியாக உள்ளே போகும் காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். சர்க்கரை ஏற்கெனவே வாட்டுகிற சிறுநீரகத்தின் மேல் இது இன்னொரு சுமை. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: சத்துக்காக இரும்பு மாத்திரை போடுகிறேன். சர்க்கரை ஏறுமா?

இரத்தசோகை உறுதியாகி, மருத்துவர் சொல்லிப் போட்டால் பயப்பட வேண்டாம். தேவையே இல்லாமல் வருடக்கணக்கில் போடுவதுதான் தவறு, ஏனென்றால் மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயில் இரும்பு கணையத்திலேயே படிந்து சர்க்கரை நோய் வரும். தோல் கருமை பூசியது போல மாறுவதால் அதை வெண்கல நீரிழிவு என்றும் சொல்வார்கள். காரணமில்லாத சோர்வும் விரல் மூட்டு வலியும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால், உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதை மட்டும் பார்த்து சர்க்கரை மாத்திரையின் அளவை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நரம்பில் மருந்து ஏற்றி உலோகங்களை வெளியேற்றினால் சர்க்கரை குணமாகுமா?

ஆகாது. மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் 1,000 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது. ஆனால் இதயப் பாதிப்புகள் குறையவில்லை. ஈய நஞ்சு உறுதியானவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. மற்றவர்களுக்குத் தவறான மருந்தை ஏற்றினால் கால்சியம் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். அதற்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் முதலில் உங்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.