நாமே ஒரு சர்வர் போடலாமா?

வணக்கம் அண்ணா,

கோவையில் நாங்கள் ஒரு சிறிய வாசிப்புக் குழு நடத்துகிறோம். நாற்பது பேர் இருப்போம், மாதம் ஒரு கூட்டம். எட்டு வருடமாகக் கூட்டக் குறிப்புகள், படங்கள், விவாதங்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் இருந்த எங்கள் பக்கத்தில்தான் போட்டுவந்தோம். போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் பக்கத்தைக் காணோம். விதிமீறல் என்று ஒரு வரி மட்டும் வந்தது. எந்த விதி, எந்தப் பதிவு, ஒன்றும் சொல்லவில்லை. மூன்று முறை முறையிட்டோம், மூன்று முறையும் அச்சடித்தாற்போல அதே பதில்.

இனி யார் தயவும் வேண்டாம், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருளைப் போட்டு நாமே சொந்தமாக ஒரு சர்வர் நடத்தலாம் என்று குழுவின் இளையவர்கள் சொல்கிறார்கள். மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகுமாம். எங்களில் ஒருவர் ஐடி துறையில் இருக்கிறார், அவரே பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. எனக்கும் பாதிதான் புரிகிறது. நீங்கள் முன்பு இப்படி ஒன்றை நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். போடலாமா?

அன்புடன்,
கோவை வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

சர்வர் இருக்கட்டும். முதலில் அந்த எட்டு வருடத்தில் மிஞ்சியதை இந்த வாரமே சேகரியுங்கள். நாற்பது பேரின் போன்களில் படங்கள் இருக்கும், யாராவது ஒருவரின் மெயிலில் குறிப்புகளின் வரைவு இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் போன் மாற்றிவிட்டேன் என்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மாஸ்டடானில் சேருங்கள், ஆனால் சொந்தமாக சர்வர் போடாதீர்கள். குறைந்தது ஒரு வருடத்துக்கு.

பெரியவர்களுக்கு மெயிலை வைத்துச் சொல்லுங்கள், புரியும். உங்களுக்கு ஒரு நிறுவனத்தில் முகவரி, எனக்கு வேறொன்றில், ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறதல்லவா? மாஸ்டடானும் அப்படித்தான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோஷ்கோ 2016இல் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனி ஆட்களால் நடத்தப்படுகின்றன, ஆக்டிவிட்டிபப் என்ற பொது மொழியில் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் அதை முறைப்படி ஏற்றது. ஆக, நாற்பது பேரும் ஒரே சர்வரில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பின்தொடரலாம்.

இதெல்லாம் நல்ல செய்தி. ஆனால் உங்கள் இளையவர்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். சர்வர்கள் பல இடங்களில் சிதறிக் கிடப்பது ஒன்று, அதில் இருப்பவர்களுக்கு அது சொந்தமாக இருப்பது இன்னொன்று. பெரும்பாலான மாஸ்டடான் சர்வர்கள் நல்ல மனமுள்ள ஒரு தனிமனிதரின் ராஜ்யம். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், வேலை மாறினால், அல்லது சும்மா அலுத்துப்போனால் கதை முடிந்தது. 2017இலிருந்து நடந்துவந்த மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற சர்வரை அதை நடத்திவந்த அட்மின் குடும்பச் சூழ்நிலை காரணமாக 2022 டிசம்பரில் மூடினார். அறிவிப்பு வந்தது அக்டோபரில், அதாவது ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய அதே மாதம். ஊரே மாஸ்டடானுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்தவர்கள் வேறு வீடு தேடி அலைந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு மரியாதையாகத்தான் மூடினார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சர்வரில் நாங்கள் 23 பேர். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியாவிலிருந்து நிறையப் பேர் கோபத்தோடு மாஸ்டடானுக்குப் போனார்களே, அந்த அலையில் நானும் போனேன். (அதில் பலர் கொஞ்ச நாளிலேயே திரும்பிவிட்டார்கள். கோபம் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும், தங்க வைக்காது.) அடுத்த வருடம் நண்பர் ஒருவர் சர்வர் போட்டார். நல்ல கெட்டிக்காரர், ஒரே மாலையில் எல்லாம் தயார். டொமைன், அதாவது சர்வரின் இணைய முகவரி, அவர் பெயரில், வாடகை அவர் கார்டில், பாஸ்வேர்ட் அவர் மண்டையில். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. நாம் பின்தொடர்கிறவர்கள் போடும் படங்களையெல்லாம் மாஸ்டடான் நம் சர்வரிலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அவர்கள் எந்த ஊர் சர்வரில் இருந்தாலும் சரி. பழையதை அவ்வப்போது அழிக்காவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நிரம்பியது, டேட்டாபேஸ் நின்றது, சர்வர் படுத்துவிட்டது. சரி செய்ய ஒரு கட்டளை போதும். ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய ஆள் வேலை மாற்றலாகி வெளிநாட்டுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து எழுந்தது. அப்புறம் அவர் புது ஊர், புது வேலையில் மூழ்கிவிட்டார், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலைக் கவனிக்கவில்லை. அதோடு போயிற்று. அவர் இன்றும் எனக்கு நண்பர்தான். தப்பு 23 பேருடையது.

ஆகவே உங்கள் ஐடி நண்பரின் திறமை எனக்குச் சந்தேகமில்லை, அவர் ஒருவர்தான் என்பதே என் கவலை. மூன்று பேரிடமாவது சாவி இருக்க வேண்டும். டொமைன் முக்கியம், ஏனென்றால் உங்கள் கணக்கின் பெயர் அதோடு ஒட்டியது, பிறகு மாற்ற வராது. சர்வர் உயிரோடு இருக்கும்போது நீங்கள் வேறிடத்துக்குக் குடிபோனால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அழகான பெயர் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு நாட்டின் டொமைனையும் வாங்காதீர்கள். குவியர்.ஏஎஃப் என்று ஒரு சர்வர் இருந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுடையது. 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சி அதை முடக்கிவிட்டது.

பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. மாஸ்டடானில் நேரடிச் செய்தி என்பது தபால் அட்டை மாதிரி, அட்மின் நினைத்தால் படிக்கலாம். அதைவிட மோசமானது 2023 மே மாதம் அமெரிக்காவில் நடந்தது. கொலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் எஃப்பிஐ சோதனை போட்டது, சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு விவகாரத்துக்காக. அள்ளிக்கொண்டு போன சாதனங்களில் சர்வரின் டேட்டாபேஸ் பேக்கப்பும் இருந்தது, பூட்டு எதுவும் போடாமல். அதில் கணக்கு வைத்திருந்தவர்களின் மெயில் முகவரி, தனிச் செய்தி எல்லாம் அதோடு போயிற்று. பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எடுத்ததை எங்கே வைக்கிறோம் என்றும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஒழுங்கான வழி இல்லையா என்றால், இருக்கிறது. சோஷியல்.கூப் என்ற மாஸ்டடான் சர்வர் 2017இலிருந்து கூட்டுறவுச் சங்கமாக நடக்கிறது. உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள், முடிவுகளை விவாதித்து ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள், வரவு செலவு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. அங்கே எல்லாம் வேகமாக நடக்காது. சின்ன விஷயத்துக்கும் நீண்ட விவாதம் ஓடும், அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசுவது போல. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்மின் மாறினாலும் வீடு நிற்கிறது.

இன்னொரு வேலை, யாரும் கணக்கில் சேர்க்காதது, சண்டையைத் தீர்ப்பது. நாற்பது பேர் குழுவில் என்ன சண்டை என்பீர்கள். சர்வர் வெளியுலகோடு இணைந்த நொடியிலிருந்து வெளியே இருந்து வசவும் ஸ்பேமும் வரும், புகார் வரும், யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேப் என்ற அமெரிக்கத் தீவிர வலதுசாரித் தளம் 2019இல் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, பெரும்பாலான சர்வர்கள் அதோடு தொடர்பைத் துண்டித்தன. மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் அவரவரே கதவைச் சாத்தினார்கள். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் யாருக்குச் சாத்துவது என்பதில் உங்கள் குழுவே இரண்டுபட்டால், அதைப் பேசித் தீர்க்க ஒரு முறை உங்களிடம் இருக்கிறதா? எட்டு வருடத்தில் எப்போதாவது ஓட்டுப் போட்டு முடிவெடுத்திருக்கிறீர்களா?

அதனால் இப்போதைக்கு நாலைந்து பேர் மட்டும் ஏற்கெனவே நடக்கும் சர்வர்களில் சேருங்கள். சேருமுன் அந்த சர்வரின் அறிமுகப் பக்கத்தைப் படியுங்கள். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். கூட்டக் குறிப்புகளின் மூலப்பிரதி எப்போதும் உங்கள் கையில் ஒரு கோப்பாக இருக்கட்டும், சர்வரில் போவது நகல்.

பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை என்றீர்கள். அவர்களில் யாராவது பால் சொசைட்டியிலோ கோயில் கமிட்டியிலோ கணக்கு எழுதியிருப்பார். ஒரு வருடம் கழித்து நிஜமாகவே சர்வர் போடும் நிலை வந்தால் அவரைப் பொருளாளராக்குங்கள், சந்தாவும் ரசீதும் டொமைன் புதுப்பிக்கும் தேதியும் அவர் பொறுப்பு. எங்கள் 23 பேரில் அப்படி ஒருவர் இல்லை.

கணக்குத் திறந்ததும் ஐடியை அனுப்புங்கள். கூட்டக் குறிப்புகளைப் படிக்க எனக்கும் ஆசை.