அறிவியல் கேள்வி – பதில்: வாலில் ஒன்பது மொட்டு

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. பூக்கட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. ஒன்றரை ஆண்டாக அவருடைய இரு கண் இமைகளும் தாமாகவே இறுக மூடிக்கொள்கின்றன. கட்டிக்கொண்டிருக்கும் சரத்தை மடியில் போட்டுவிட்டு, விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. மதுரையில் நரம்பியல் மருத்துவர் கண்ணைச் சுற்றிப் போடாக்ஸ் ஊசி போட்டார். ஐந்தாம் நாள் இமை நன்றாகத் திறந்தது. மூன்று மாதம் கழிந்ததும் பழையபடி மூடத் தொடங்கிவிட்டது. மறுபடி ஊசி போட வேண்டும் என்கிறார்கள். உறவினர் ஒருவர், அது விஷம், நரம்பையே சாகடித்துவிடும் என்று அச்சுறுத்துகிறார். அந்த ஊசி உள்ளே போய் என்னதான் செய்கிறது, ஐயா?
– ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. போட்டுலினம் என்ற நுண்ணுயிரி சுரக்கும் கொடிய நஞ்சுதான் அது. ஆனால் மருத்துவர் போடும் மிகச் சிறிய அளவில் அது நரம்பைக் கொல்வதில்லை. நரம்பு முனைக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரேயொரு புரதத்தை ஒரேயோர் இடத்தில் நறுக்குகிறது. அந்தப் புரதத்தின் பெயர் ஸ்நாப்-25.

பூக்கட்டும் வீட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் எனக்கு வேலை எளிது. 206 மொட்டுகளைத் தொடுத்த ஒரு சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொட்டு ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். முழுச் சரம் ஸ்நாப்-25. இதைக் கட்டும் கட்டளை நமது இருபதாம் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. எலிக்கும் நமக்கும் இந்தச் சரத்தில் ஒரு மொட்டுகூட மாறுவதில்லை என்பதிலிருந்தே, இதில் கைவைக்க இயற்கை எவ்வளவு தயங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

இமைத் தசை சுருங்க வேண்டுமானால், அதைத் தொட்டு நிற்கும் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேற வேண்டும். அது நரம்பு முனைக்குள் நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. ஒரு நுண்பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். 25,000 பைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நிரம்பும். பையின் சவ்வும் செல்லின் வெளிச்சவ்வும் ஒன்றோடொன்று கலந்தால் பை திறந்துகொள்ளும், சரக்கு வெளியே கொட்டும். ஆனால் இரண்டு சவ்வுகளும் தாமாக நெருங்கிவிடுவதில்லை. ஒன்றையொன்று விலக்கவே செய்கின்றன. யாரேனும் இழுத்துச் சேர்க்க வேண்டும்.

தைப்பூசத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தில் கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்துத் தெப்பத்தை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே தெப்பம் நுண்பை, கரை வெளிச்சவ்வு. தெப்பத்தில் கட்டிய வடம் சினாப்டோபிரெவின் என்ற புரதம். கரைப்பக்கத்து வடங்கள் சின்டாக்சினும் நம் ஸ்நாப்-25உம். இவை மூன்றும் சேர்ந்து நான்கு புரிகள் கொண்ட ஒரே கயிறாக முறுக்கிக்கொள்கின்றன; மற்ற இரண்டும் ஆளுக்கொரு புரி கொடுக்க, ஸ்நாப்-25 மட்டும் இரண்டு புரிகளைத் தருகிறது. முறுக்கு சவ்வுகளுக்குத் தொலைவில் உள்ள முனையில் தொடங்கிச் சவ்வை நோக்கி ஏறுகிறது. ஏற ஏறப் பை வெளிச்சவ்வை நோக்கி இழுபடுகிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், அதை உணரும் சினாப்டோடாக்மின் என்ற இன்னொரு புரதம் சைகை காட்ட, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் கலப்பு முடிந்துவிடுகிறது. (இந்த உவமை இதற்கு மேல் செல்லாது. தெப்பம் கரை சேர்ந்தாலும் தெப்பமாகவே இருக்கும். நுண்பையோ கரையோடு கரையாகிவிடும்.)

இப்போது நஞ்சுக்கு வருவோம். போடாக்ஸ் ஊசியில் உள்ள போட்டுலினத்தின் ஏ வகை நஞ்சு, 206 மொட்டுச் சரத்தில் 197ஆம் மொட்டுக்கு அடுத்து வெட்டுகிறது. உதிர்வது வாலில் உள்ள ஒன்பதே மொட்டுகள். ஒன்பதுதானே என்று அலட்சியமாக நினைக்க முடியாது. அவை சவ்வை ஒட்டிய கடைசி இழுப்புக்கு உரியவை. கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது வடம் தீர்ந்துபோனால் தெப்பம் எப்படித் தத்தளித்து நிற்குமோ, அப்படியே பைகள் சரக்கோடு காத்து நிற்கின்றன. நரம்பு உயிரோடு இருக்கிறது, கட்டளையும் வருகிறது, சரக்கு மட்டும் இறங்குவதில்லை. எனவே இமைத் தசை இறுகாமல் தளர்கிறது.

மூன்று மாதத்தில் பலன் தேய்வதற்கும் இதுவே காரணம். நஞ்சின் வெட்டும் பகுதி செல்லுக்குள் பல வாரம் தங்கி, புதிதாக உருவாகும் ஸ்நாப்-25ஐயும் நறுக்கிக்கொண்டே இருக்கும். இடையில் நரம்பு சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் சிறு துளிர்களை விட்டுத் தசையைத் தொடும். பிறகு நஞ்சு ஓய்ந்து, முழு நீளச் சரங்கள் மீண்டும் சேர்ந்ததும் பழைய முனையே வேலைக்குத் திரும்புகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இ வகை நஞ்சு இதே புரதத்தில் 26 மொட்டுகளை வெட்டி எறிகிறது. ஆனாலும் அதன் பாதிப்பு ஏ வகையைவிட விரைவில் நீங்கிவிடுகிறது. வெட்டின் நீளத்தைவிட, வெட்டும் கத்தி செல்லுக்குள் எத்தனை நாள் சிதையாமல் இருக்கிறது என்பதே பெரிது.

கண் இமை இசிவுக்கும் மாறுகண்ணுக்கும் இந்த ஊசியை அமெரிக்க அரசு 1989இல் ஏற்றது. ஸ்நாப்-25 முதன்முதலில் விவரிக்கப்பட்டதும் அதே 1989இல்தான். ஆனால் அந்த நஞ்சு வெட்டுவது இந்தப் புரதத்தைத்தான் என்பது 1993இல்தான் தெளிவாயிற்று. மருந்து எங்கே வெட்டுகிறது என்று அறியாமலேயே மருத்துவர்கள் சில ஆண்டுகள் பயன் கண்டிருக்கிறார்கள். மருத்துவத்தில் இது புதிதல்ல. நுண்பைப் போக்குவரத்தை விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகிய மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

அம்மாவுக்கு அடுத்த ஊசியை மருத்துவர் சொல்லும் இடைவெளியிலேயே போடுங்கள். அவசரப்பட்டு அடிக்கடி போட்டால், உடல் அந்த நஞ்சுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிப் பலன் குறையக்கூடும். ஊசிக்குப் பின் மேல் இமை சில வாரம் தொங்கலாம்; அது தானே சரியாகும். விழுங்குவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம் தோன்றினால் மட்டும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாடுகள் உண்டு. தொழுவத்தில் ஆணி குத்தினால் டிடி ஊசி போடச் சொல்கிறார்கள். டெட்டனஸ் நஞ்சும் போட்டுலினமும் ஒரே குடும்பம் என்று படித்தேன். போட்டுலினம் தசையைத் தளர்த்துகிறது, டெட்டனஸ் உடலை வில்லாக வளைக்கிறது. எப்படி?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூர்மையான கேள்வி. டெட்டனஸ் நஞ்சு வெட்டுவது ஸ்நாப்-25ஐ அல்ல, அதன் கூட்டாளியான தெப்பத்து வடத்தை, அதாவது சினாப்டோபிரெவினை. இது 1992இல் தெரியவந்தது. ஆனால் வேறுபாட்டுக்குக் காரணம் அதுவன்று; போட்டுலினத்தின் பி வகையும் அதே புரதத்தை அதே இடத்தில்தான் வெட்டுகிறது, ஆளைத் தளர்த்தத்தான் செய்கிறது. வெட்டு நடக்கும் ஊர்தான் வேறு. போட்டுலினம் தசையைத் தொடும் முனையிலேயே தங்கி, சுருங்கு என்ற கட்டளையைத் தடுக்கிறது. டெட்டனஸ் நஞ்சோ நரம்பு வழியே முதுகுத்தண்டு வரை ஏறி, அங்கே போதும் நிறுத்து என்று அடக்கும் நரம்புகளுக்குள் புகுந்து, அவற்றின் பைகளை முடக்குகிறது. அடக்குவார் இல்லாததால் தசைகள் எல்லாம் ஒருசேர இறுகுகின்றன.

இதன் கிருமி விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருப்பதால் தொழுவத்து ஆணி என்றால் கவனம் தேவை. நஞ்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எந்த எதிர்ப்பொருளாலும் அதைத் தொட முடியாது. வெளியே இருக்கும்போதே பிடிக்கத்தான் தடுப்பூசி. நோயே வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி வேண்டும், ஏனெனில் ஆளைக் கொல்லும் அளவு நஞ்சுகூட, உடல் அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளப் போதாத அளவே.

கேள்வி: ஸ்நாப்-25க்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கணையத்து பீட்டா செல்களும் இன்சுலினை நுண்பைகளில்தான் வைத்திருக்கின்றன, அவற்றை வெளிச்சவ்வோடு கலக்கச் செய்வதில் ஸ்நாப்-25க்குப் பங்கு உண்டு. வெளிவந்த இன்சுலின் தசையையும் கொழுப்பையும் சேர்ந்தபின், அந்தச் செல்கள் சர்க்கரையை ஏற்கும் வாயில்களைத் தம் மேற்பரப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் நுண்பைகள் கலப்பதால்தான் நடக்கிறது. அங்கே வடம் பிடிப்பது ஸ்நாப்-25 அல்ல, அதன் உடன்பிறப்பான ஸ்நாப்-23.