வீட்டுக்குள் போன்சாய்: புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஜூனிப்பர் போன்சாய் ஒன்று பரிசாக வந்தது. மேசை மீது வைத்து ஒரு மாதம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். பச்சையாகத்தான் இருந்தது. இப்போது தொட்டாலே இலைகள் பொலபொலவென்று உதிர்கின்றன. என்ன நோய் இது?

பதில்: நோயாக இருக்க வாய்ப்பு குறைவு, இடம்தான் பொருந்தவில்லை. ஜூனிப்பர் வெட்டவெளி மரம். வெயிலும் காற்றும் குளிர்கால உறக்கமும் இல்லாமல் அதனால் வாழ முடியாது. பைன், மேப்பிள் மரங்களும் அப்படித்தான். ஜூனிப்பர் செத்த பிறகும் சில வாரங்களுக்குப் பச்சை மாறாது என்பதால், நீங்கள் பிந்தைய நாள்களில் தண்ணீர் ஊற்றியது அநேகமாக உயிரற்ற மரத்துக்கு. நான்கைந்து இடங்களில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உடனே வெளியில் வையுங்கள். எங்கும் பழுப்பாகக் காய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வைக்கலாம் என்று சொல்லி விற்றவரைத்தான் குறை சொல்ல வேண்டும், உங்களை அல்ல.

கேள்வி: அப்படியானால் வீட்டுக்குள் வளரும் மரம் எது?

பதில்: அப்படி ஒரு மரம் இயற்கையில் கிடையாது. வீட்டைப் பொறுத்துக்கொள்ளும் மரங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவை குளிர்கால உறக்கம் தேவைப்படாத வெப்பப் பகுதி மரங்கள். முதல் மரமாக ஃபைக்கஸ் வாங்குங்கள். ஆல், அரசு, அத்தியெல்லாம் அந்த இனம்தான். சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். தண்ணீர் ஊற்ற மறப்பவர் என்றால் குட்டி இலை ஜேட் நல்லது. இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும். கார்மோனாவின் வெண்பூக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இடம் மாற்றினாலே கோபித்துக்கொள்ளும் மரம் அது. பழகிய கைக்குத்தான் சரிப்படும்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்? கூடவே வந்த சீட்டில் வாரம் இருமுறை என்று இருக்கிறது.

பதில்: சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அதை எழுதியவருக்கு உங்கள் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. மேல்மண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரலை விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். காயத் தொடங்கியிருந்தால் அடித்துளைகள் வழியே நீர் ஒழுகும் வரை ஊற்றுங்கள், சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை. மண் இறுகிப்போய் நீர் விளிம்பு வழியே ஓடிவிட்டால், தொட்டியை ஒரு பாத்திர நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். சில மரங்களின் மேல்மண்ணில் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். அலங்காரமாம்! முதல் நாளே பெயர்த்து எறியுங்கள். நீரும் உள்ளே இறங்காது, விரலும் இறங்காது.

கேள்வி: விரல் வைத்துப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். மண் பத்து நாளானாலும் காய்வதில்லை, இலைகள் மஞ்சளாகின்றன.

பதில்: மரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அறையின் உள்மூலையில்தானே? தண்ணீர்ப் பிரச்சினை என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் வெளிச்சப் பிரச்சினைதான். வெளிச்சம் குறைந்தால் மரம் நீரை அதிகம் உறிஞ்சாது. மண் ஈரமாகவே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். நம் கண் அரையிருட்டுக்கும் பழகிவிடுவதால் அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். சன்னலை விட்டு ஒரு மீட்டர் தள்ளினாலே மரத்துக்குக் கிடைக்கும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். சன்னல் கண்ணாடியை ஒட்டினாற்போல் வையுங்கள். வழியில்லை என்றால் செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கை நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். கூடவே மண்ணையும் பாருங்கள். களிமண்ணாகக் குழைந்தால், மரம் தெம்பாகத் துளிர்க்கும் பருவத்தில் அகடாமா (ஜப்பானிய மண் மணிகள்), பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) போன்ற பொடிக்கல் கலவைக்கு மாற்றலாம். வாடியிருக்கும்போது வேரைத் தொடாதீர்கள், உரமும் போடாதீர்கள்.

கேள்வி: வாங்கி வந்த வாரமே என் ஃபைக்கஸ் இலைகளைக் கொட்டுகிறது!

பதில்: புது இடத்துக்குப் பழகுகிறது. பதறிப்போய் மறுபடி இடம் மாற்றாமல் இருந்தால் தானே துளிர்க்கும்.

கேள்வி: தினமும் இலையில் நீர் தெளிக்க வேண்டுமா?

பதில்: தூசு போகும். அதனால் காற்றில் கூடும் ஈரப்பதம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது.

கேள்வி: கத்தரிக்கக் கை நடுங்குகிறது. எங்கே வெட்டுவது?

பதில்: வெட்டாவிட்டால் அது போன்சாய் அல்ல, சிறிய தொட்டியில் நிற்கும் செடி. ஃபைக்கஸ் என்றால் ஒரு கிளையில் ஆறு முதல் எட்டு இலை வரும் வரை விட்டு, பிறகு இரண்டு இலை வைத்து மேலே உள்ளதை வெட்டுங்கள். அந்த இலைக் கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் புறப்படும். உச்சியை அடிக்கடியும் கீழ்க்கிளைகளை அரிதாகவும் வெட்டுங்கள். வளர்ச்சியின் வேகம் எப்போதும் உச்சிக்கே போகும். வெட்டிய இடத்தில் பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கலாம், துடைத்துவிடுங்கள். பூனையோ நாயோ இருந்தால் வெட்டிய துண்டுகளைக் கீழே விட்டுவைக்காதீர்கள். கிளையை வளைத்து வடிவமைக்க அலுமினியக் கம்பி சுற்றினால் வாரந்தோறும் பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கியதும் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பிரித்துச் சுழற்றினால் கிளை முறியும்.

கேள்வி: இலையெல்லாம் பிசுபிசுக்கிறது.

பதில்: செதில் பூச்சியாக இருக்கலாம். இலையின் அடியிலும் தண்டிலும் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். ஒருமுறையோடு போகாது.

கேள்வி: சிறிய தொட்டியில் அடைப்பதால் மரத்தின் ஆயுள் குறையாதா?

பதில்: 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படும் வெண்பைன் ஒன்று, 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சைத் தாண்டிப் பிழைத்தது. யமாகி குடும்பம் அதை 1976இல் அமெரிக்காவுக்குக் கொடுத்தது. வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் இருக்கிறது. வேரையும் மண்ணையும் அவ்வப்போது புதுப்பித்தால் தொட்டி சிறை ஆகாது.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போகிறேன். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: கூடாது. பத்து நாளில் வேர் அழுகத் தொடங்கிவிடும். தெரிந்தவர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். கிளம்பும் முன் உங்கள் கண்ணெதிரே ஒருமுறை அவரையே ஊற்றச் சொல்லிப் பாருங்கள்.