500 மரபுத்தொடருக்கு 1,200 யூரோ: கட்டலாமா?

கேள்வி: தம்பி, நாங்கள் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட டொச்தான் (ஜேர்மன் மொழி) அவளுக்குச் சரளம். டுசெல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. இந்த வருடம் அவளுடைய குழுவுக்கு லண்டனில் இருக்கிற ஒருவர் பொறுப்பாளராக வந்துவிட்டார், கூட்டமெல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, இப்போது அவர்கள் கதைப்பதில் பாதி விளங்கவில்லை என்கிறாள். 'வேலைத்தளத்துக்கு 500 ஆங்கில மரபுத்தொடர்கள்' என்று ஒரு ஒன்லைன் கோர்ஸ், 12 மாதம், 1,200 யூரோ. இன்று இரவுக்குள் கட்டினால் 40% கழிவு என்று பக்கத்தில் கடிகாரம் ஓடுகிறது. கட்டச் சொல்லலாமா?

பதில்: இன்றிரவு கட்ட வேண்டாம் அக்கா. கழிவு போனாலும் 720 யூரோ, அது கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிற காசு இல்லை.

500 என்ற எண் விற்க உதவும், படிக்க உதவாது. ஒரு குழுவுக்குள் திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது தொடர்தான், அதையும் அவள் முதலில் கேட்டு விளங்கிக்கொண்டால் போதும், தானே பேசுவது மெல்ல வரட்டும். இன்னொன்று, இப்படியான கோர்ஸ் பெரும்பாலும் உலகத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் செய்தது. டொச்சில் யோசிக்கிற பிள்ளை எங்கே சறுக்குவாள் என்பது அதில் இருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செலவு எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பாகக் கேட்க, ஜேர்மன்காரர் "ஒரு ஹவுஸ்நும்மர் சொல்லுங்கள்" என்பார், அதாவது வீட்டு இலக்கம். அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால் லண்டன்காரர் தன் வீட்டு இலக்கத்தை ஏன் கேட்கிறாள் என்றுதான் நினைப்பார். அங்கே அதற்குச் சொல் "பால்பார்க் ஃபிகர்", பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. இந்த இரண்டையும் ஜோடியாக எழுதி வைத்தால் பிறகு மறக்காது.

ஜோடி போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. டொச்சில் "அது என் பியர் இல்லை" என்றால் அது என் வேலை இல்லை, எனக்குச் சம்பந்தமில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் "நாட் மை கப் ஆஃப் டீ" என்றால் எனக்குப் பிடித்தமானது இல்லை என்று மட்டும்தான். பியரை எடுத்துவிட்டுத் தேநீரை வைத்தால் கருத்தே மாறிவிடும். இதைவிட ஆபத்தானது "எவென்டுவெல்". டொச்சில் அது 'ஒருவேளை', ஆங்கிலத்தில் "இவென்சுவலி" என்றால் 'கடைசியில் எப்படியும்'. ஒருவேளை வருகிறேன் என்று நினைத்து அவள் எழுதினால், எப்படியும் வருவாள் என்று அவர் காத்திருப்பார். "பிஸ் ஃப்ரைடாக்" என்பதும் அப்படித்தான்: வேலையை வெள்ளிக்குள் முடித்துத் தருவதற்கு ஆங்கிலத்தில் "பை", வெள்ளி வரை தொடர்வதற்கு "அன்டில்". டொச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், கெடு குறிக்கிற மின்னஞ்சலில் இது மாறிப்போனால் வேலையே குழம்பும்.

ஆகவே ஒரு கொப்பி வாங்கச் சொல்லுங்கள். கூட்டத்திலும் மின்னஞ்சலிலும் வருகிற தொடரை முழு வாக்கியமாக, யார் யாருக்குச் சொன்னது என்பதோடு எழுதி, பக்கத்தில் டொச்சில் அதே இடத்தில் என்ன சொல்வோம் என்று எழுதட்டும். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம், எது பிரிட்டன் வழக்கு, எது அமெரிக்க வழக்கு, எது நண்பர்களுக்குள் மட்டும் சொல்வது என்றெல்லாம் குறித்திருக்கும். அது சின்ன விஷயம் இல்லை. ஒரு விஷயத்தை "டேபிள்" பண்ணுவோம் என்று லண்டனில் சொன்னால் பேச எடுப்போம், நியூயோர்க்கில் சொன்னால் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைப்பது.

ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றால் முதலில் நிறுவனத்திடம் கேட்கட்டும், மொழியை மாற்றியது அவர்கள்தானே. அடுத்தது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிற பொதுக் கல்வி நிலையம். அப்புறம் 'பில்டுங்ஸ்உர்லாப்', அதாவது படிப்பு விடுமுறை இருக்கிறது: நம் மாநிலமான நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் வருடத்துக்கு 5 வேலை நாள், சம்பளத்தோடு, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வேலைக்கு உதவுகிற படிப்புக்கு. கோர்ஸ் கட்டணம் நம்முடையது, விண்ணப்பம் 6 வாரத்துக்கு முன்பே போக வேண்டும். இவ்வளவு நல்ல உரிமையை நம் பிள்ளைகள் கேட்காமலே விடுவதுதான் எனக்குக் கவலை.

இதற்குப் பிறகும் அந்தக் கோர்ஸ்தான் வேண்டும் என்றால், பாடம் தூரத்திலிருந்து நடந்து, அவளுடைய பயிற்சிகளை அவர்கள் திருத்தி முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள் என்றால், அதற்குக் கொலோன் (Köln) நகரில் உள்ள செட்எஃப்யூ என்ற அரச அலுவலகத்தின் அனுமதி எண் வேண்டும். அனுமதி இல்லாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 2025 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் 47,600 யூரோ பெறுமதியான ஒரு ஒன்லைன் பயிற்சி ஒப்பந்தத்தை இதே காரணத்துக்காகச் செல்லாது என்று தீர்த்தது. வெறும் வீடியோ மட்டும் என்றால் 14 நாள் திரும்பப் பெறும் உரிமை உண்டு, ஆனால் "உடனே பார்க்கத் தொடங்குகிறேன், அந்த உரிமை போய்விடும் என்று தெரியும்" என்ற சின்னப் பெட்டியில் டிக் போட்டால் பார்க்கத் தொடங்கியதுமே அது போய்விடும். அந்தப் பெட்டியைக் கண்டால் வாசிக்காமல் அமத்த வேண்டாம்.

கேள்வி: ஹம்மிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. போன வருடம் ஆங்கில ஆப் ஒன்றுக்கு 12 மாதச் சந்தா எடுத்தேன். நிறுத்த மறந்துவிட்டேன், இப்போது இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம் என்று காசு கேட்கிறார்கள்.

பதில்: 2022 மார்ச் 1க்குப் பிறகு போட்ட இப்படியான ஒப்பந்தங்களை முதல் காலம் முடிந்ததும் இன்னொரு வருடத்துக்குக் கட்டிப்போட முடியாது தம்பி, ஒரு மாத அறிவித்தலில் எப்போதும் நிறுத்தலாம். 2022 ஜூலை 1 முதல் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே நிறுத்துகிற பொத்தான் இருக்க வேண்டும். அதை அமத்தி, வருகிற உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் ஒரு வருடக் காசு கேட்டால் அந்தக் கடிதத்தோடு உங்கள் நகரத்து ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலேக்கு (நுகர்வோர் ஆலோசனை நிலையம்) போங்கள், பயந்து கட்டிவிட வேண்டாம்.