26 வாரத்தில் வலி: அம்மாவுக்குப் போடும் மருந்து பிள்ளையை என்ன செய்யும்?

கேள்வி: என் தங்கைக்கு 26 வாரம். வலி வந்ததும் டெக்ஸாமெத்தசோன் போடுகிறார்கள். ஸ்டீராய்டு பிள்ளைக்கு ஆகுமா?

ஆகும். இந்த வாரத்தில் போடாமல் விடுவதுதான் ஆபத்து. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மி.கி., தசையில், மொத்தம் 4 ஊசி. நுரையீரல் விரிய உதவும், மூளையில் ரத்தக்கசிவையும் குறைக்கும். பிரசவம் நெருங்கிவிட்டாலும் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். தங்கைக்குச் சர்க்கரை உண்டென்றால் சில நாள் எகிறும். இன்சுலினைக் கூட்ட வேண்டிவரும்.

கேள்வி: வலி நின்றுவிட்டால் வாராவாரம் போடலாமா?

கூடாது. திரும்பத் திரும்பப் போட்டால் பிறப்பு எடையும் தலைச் சுற்றளவும் குறைகின்றன. இரண்டு வாரம் கழித்து, 34 வாரத்துக்குள், மறுபடி பிரசவம் நெருங்கினால் இன்னும் ஒரே ஒரு சுற்று போடலாம்.

கேள்வி: நான் பிரசவ வார்டு செவிலியர். மெக்னீசியம் சல்பேட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிள்ளைக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு கெடுவது) வரும் வாய்ப்பைக் குறைக்கத் தருவது இது. 4 கிராமை 20 முதல் 30 நிமிடத்தில் ஏற்றி, பிறகு மணிக்கு 1 கிராம். பிரசவம் வரை, அல்லது 24 மணி நேரம். வெளியேற்றுவது சிறுநீரகம். அதனால் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் மருந்து உடம்பில் தேங்கும். முதலில் போவது முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் உதறுவது), அடுத்தது மூச்சு. அனிச்சை போனதுமே மருந்தை நிறுத்துங்கள், மூச்சு திணறும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்கு முறிவு மருந்தான 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். வலியை அடக்கும் நிஃபெடிபினும் ஓடுகிறதா? அதுவும் ரத்த அழுத்தத்தை இறக்கும். ரத்த அழுத்தத்தை அடிக்கடி பாருங்கள்.

பிள்ளை துவண்டு, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம், குடலும் சோம்பலாக இருக்கலாம். மொத்தம் எத்தனை கிராம் போனது, எப்போது நிறுத்தினீர்கள் என்று பச்சிளங்குழந்தைப் பிரிவுச் சீட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அங்கே காரணம் தெரியாமல் திண்டாடுவார்கள். வலியை நிறுத்த இதை நாட்கணக்கில் ஓட்டுவது வேறு கதை: 5 முதல் 7 நாள் தாண்டினால் கருவின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையும் என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

கேள்வி: பிரசவ வலியை நிறுத்த இண்டோமெத்தசின் தரலாமா?

48 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 32 வாரத்துக்குப் பிறகு அறவே வேண்டாம். கருவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும். பனிக்குட நீரும் வற்றும்.

கேள்வி: பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆன்டிபயாடிக்காகக் கோ-அமாக்சிக்ளாவ் தரலாமா?

வேண்டாம். 2001-இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், அதைப் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குடல் அழுகல் கூடியது. எரித்ரோமைசின் 250 மி.கி., நாளைக்கு 4 வேளை, 10 நாள் தரலாம். பனிக்குடம் உடையாமல், தொற்றும் இல்லாமல், வெறும் வலி மட்டும் என்றால் அதுவும் கூடாது: அப்படிக் கொடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளை 7 வயதில் பார்த்தபோது பெருமூளை வாதம் கூடுதலாகத் தெரிந்தது.