நீச்சல் தெரியாதவங்க ஆஃப்ஷோர் வேலைக்குப் போகலாமா? தண்ணிக்குள்ள தலைகீழா கவுக்குற பயிற்சியும், அதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்க வேண்டியதும்

கன்னியாகுமரி மாவட்டத்துலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 26, ஸ்கஃபோல்டர் (சாரம் கட்டுறவர்), இதுவரைக்கும் கரையில ரிஃபைனரி ஷட்டவுன் வேலைதான் பார்த்திருக்கார், இப்போ மும்பைக் கடல்ல உள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் ஒரு பார்ஜ்ல, அதாவது ஆளுங்க தங்கி வேலை பாக்குற தட்டையான மிதவைக் கப்பல்ல வேலை வந்திருக்கு, டி-போசியட்ங்குற கடல் பாதுகாப்புப் பயிற்சியை முடிச்சுட்டு வான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. "எனக்கு நீச்சல் சுத்தமா தெரியாது சார், ஹெலிகாப்டரைத் தண்ணிக்குள்ள தலைகீழா கவுப்பாங்களாமே, நெனச்சாலே தூக்கம் வரல. ஏஜென்ட் ஒருத்தர் கோர்ஸுக்குப் போகாமலே சர்டிஃபிகேட் எடுத்துத் தரேங்கிறார். நிஜமாவே ஏதாச்சும் ஆச்சுன்னா என்னை மாதிரி ஆளு பொழைக்க வழி இருக்கா?"

இருக்கு தம்பி. இந்தப் பயிற்சிக்கெல்லாம் விதி வகுக்குற அமைப்பு ஓபிட்டோ, அதோட கோர்ஸ் எதுலயும் நீச்சல் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் கிடையாது, குளத்துல இறங்குற நேரம் லைஃப் ஜாக்கெட் உடம்புல இருக்கும், கூடவே டைவர் இருப்பாரு. கடல்ல மாட்டுறப்போ ஆளைக் காப்பாத்துறது நீச்சல் இல்ல, எதை முதல்ல செய்யணும் எதைக் கடைசியா செய்யணும்ங்குற வரிசை. நல்லா நீச்சல் தெரிஞ்சவன்கூட அந்த வரிசையைத் தப்பா பண்ணினா மாட்டிக்குவான். உங்க ஊர்ப்பக்கம் கடல்லயே வளந்த பசங்க இந்த வேலைக்கு நிறைய வர்றாங்க, அவங்ககிட்டயும் நான் இதையேதான் சொல்றது.

முதல்ல அந்த ஹெலிகாப்டர் பயத்தைப் பார்ப்போம். ஏன் கவுக்குறாங்கன்னா, நிஜமாவே கவுந்துடும். இன்ஜின், கியர் பாக்ஸ், ரோட்டர்னு வெயிட் எல்லாம் மேல இருக்கு, அலை இருக்குற கடல்ல இறங்கினா மிதவை பலூன் விரிஞ்சாலும் புரளுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. 2022 ஜூன் 28-ம் தேதி மும்பைக் கடல்ல சாகர் கிரண் ரிக்குக்குப் போன பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் ரிக்கை நெருங்குற சமயத்துல தண்ணியில விழுந்துச்சு, உள்ள 9 பேர், 4 பேர் இறந்துட்டாங்க, 5 பேரை உயிரோட மீட்டாங்க. 2009 மார்ச்ல கனடா நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஆஃப்ஷோர் ஆளுங்களை ஏத்திட்டுப் போன கூகர் ஹெலிகாப்டர் விழுந்தப்போ 18 பேர்ல ஒரே ஒருத்தர்தான் மிஞ்சினார். அதனால இது சும்மா சடங்குக்கு வச்ச பயிற்சி இல்ல.

தலைகீழா ஆனதும் என்ன ஆகும்னா மூக்குக்குள்ள தண்ணி ஏறும், கண்ணு தெரியாது, எது மேல எது கீழன்னு மூளைக்குப் பிடிபடாது, உடனே எல்லாருக்கும் வர்ற முதல் எண்ணம் பெல்ட்டைக் கழட்டிடணும்ங்குறதுதான், அங்கதான் ஆளு போயிடுறான். பெல்ட் கழண்டா உடம்பு மிதந்து மேல ஏறும், அந்த 'மேல' இப்போ ஹெலிகாப்டரோட தரை, ஜன்னல் எந்தப் பக்கம்னு கணக்கு விட்டுப்போச்சு, தள்ளுறதுக்குப் பிடிமானமும் இல்ல. பெல்ட் இடுப்புல இருக்குற வரைக்கும் நீங்க உக்காந்த சீட், பக்கத்துல உள்ள ஜன்னல் எதுவும் இடம் மாறல, நேரா இருந்தப்போ வலது கைப்பக்கம் இருந்த ஜன்னல் தலைகீழா ஆனாலும் வலது கைப்பக்கம்தான். இதை மட்டும் மனசுல நல்லா ஏத்திக்கிட்டா பாதி பயம் போயிடும்.

அதனால வரிசை இப்படி: பிரேஸ்னு (மோதப்போகுது, தயாராகுன்னு) சத்தம் வந்ததும் சொல்லிக்குடுத்த மாதிரி உடம்பைச் சுருக்கி வச்சுக்கணும், ஒரு கை ஜன்னல் ஓரத்துல, இன்னொரு கை பெல்ட் பக்கிள் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கணும், தண்ணி நெஞ்சுக்கு ஏறுறப்போ மூச்சு எடுத்துக்கிட்டு, கவுந்து முடிஞ்சு ஆட்டம் நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அந்தச் சில செகண்ட்தான் ரொம்ப நீளமா தெரியும், ஆனா ரோட்டர் சுத்துறப்போவே வெளிய வந்தா அடிபட்டுடும். நின்னதும் ஜன்னலை முழங்கையாலயோ உள்ளங்கையாலயோ தள்ளி, திறந்த ஓரத்தை ஒரு கையால கெட்டியா பிடிச்சுக்கிட்டு, அதுக்கு அப்புறம்தான் இன்னொரு கையால பக்கிளைக் கழட்டணும். அப்புறம் ஓரத்தைப் பிடிச்ச கையாலயே உடம்பை வெளிய இழுத்துக்கணும். காலால உதைக்கக் கூடாது, பின்னாடி வர்றவன் மூஞ்சியில படும். ஜாக்கெட்டை உள்ள இருக்கறப்போ ஊதவே கூடாது, வெளிய வந்ததுக்கு அப்புறம்தான், உள்ளயே ஊதிட்டா அது உங்களைத் தரையோட ஒட்டி வச்சுடும், ஜன்னல் வழியா நுழையவும் முடியாது. காத்து சிலிண்டர் வச்ச மூச்சுக் கருவி குடுத்தாங்கன்னா ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், மேல ஏறி வர்றப்போ மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கிட்டே வரணும், அடக்கினா நுரையீரல்ல காயம் ஆகும்.

பயிற்சியில எடுத்த எடுப்புல கவுத்துட மாட்டாங்க. முதல்ல தண்ணியில்லாம சீட்ல உக்கார வச்சுப் பழக்குவாங்க, அப்புறம் பாதி முங்கும், அப்புறம் நேரா முழுசா முங்கும், கடைசியாதான் புரளும். போன உடனே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட "எனக்கு நீச்சல் தெரியாது, பயமா இருக்கு"ன்னு சொல்லிடுங்க, வெக்கப்படாதீங்க, சொன்னவங்களை டைவர் கூடுதலா கவனிப்பார், சொல்லாம மறைக்கிறவங்கதான் உள்ள போய் பதறுவாங்க. சளி, சைனஸ், காது வலி இருந்தா தேதியை மாத்திக் கேளுங்க, ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருந்தா மெடிக்கல்ல மறைக்காதீங்க. இப்போதுலேருந்து ரெண்டு மூணு வாரம் நீச்சல் குளத்துல கோச்சோட போயி முகத்தைத் தண்ணியில வச்சு மூக்கு வழியா மெதுவா காத்து விடப் பழகுங்க, மல்லாக்க மிதக்கப் பழகுங்க, அது போதும். தனியா போய் மூச்சடக்கிப் பழகுற வேலை மட்டும் வேண்டாம் தம்பி, எந்த அறிகுறியும் இல்லாம மயங்கித் தண்ணிக்குள்ளயே போயிடுவாங்க.

ஏஜென்ட் விஷயத்துல எனக்குக் கோவம்தான் வருது. ஓபிட்டோ சர்டிஃபிகேட்டுக்கு நம்பர் இருக்கு, கம்பெனி சரிபாத்துடும், மாட்டினா வேலையும் போச்சு பேரும் போச்சு. அதைவிடப் பெருசு, நாளைக்கு அந்த ஹெலிகாப்டர்ல உங்க பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிறவனோட வழியையும் நீங்க அடைச்சுடுவீங்க. எந்த கோர்ஸ்ன்னு ஆஃபர் லெட்டர்ல எழுதி வாங்கிக்கங்க. டி-போசியட் நம்ம கடல், வளைகுடா மாதிரி சூடான தண்ணிக்கு, நார்த் ஸீ மாதிரி குளிர் கடலுக்கு அது செல்லாது, அங்க போசியட்தான், அதுலயும் காத்து சிலிண்டர் சேத்த வகையைக் கேப்பாங்க. ரெண்டும் 4 வருஷம் செல்லும், முடியுறதுக்குள்ள ஃபோயட்னு (டி-போசியட்டுக்கு டி-ஃபோயட்) ஒரு ரிஃப்ரெஷர் பண்ணிக்கணும், தேதியைத் தவறவிட்டா திரும்ப முதல்லேருந்து. கப்பல்காரங்க எடுக்குற எஸ்டிசிடபிள்யூ பயிற்சி வேற, இது வேற, அதை வச்சிருக்கேன்னு சொன்னா ஹெலிகாப்டர்ல ஏத்த மாட்டாங்க.

இனி பார்ஜுக்குப் போய்ச் சேந்ததும். முதல் நாள் எல்லாரும் களைப்புல சாப்டுட்டுப் படுப்பாங்க, நீங்க மட்டும் பெட்டுலேருந்து மஸ்டர் ஸ்டேஷனுக்கு (ஆபத்துல எல்லாரும் கூடுற இடம்) நடந்து பாருங்க, ரெண்டு வழியில. எத்தனை கதவு தாண்டணும், ஏணி எந்தப் பக்கம், கைப்பிடி எங்க முடியுதுன்னு எண்ணிக்கங்க, ஏன்னா நிஜத்துல கரண்ட் இருக்காது, புகை இருக்கும், தவழ்ந்துதான் போவீங்க. தலைமாட்டுல டார்ச், முழுக்கை டிரஸ், ஷூ, ஜாக்கெட். எந்த அலாரம் மஸ்டருக்கு, எது கேஸுக்கு, எது பார்ஜைக் கைவிட்டு இறங்குறதுக்குன்னு இன்டக்‌ஷன்ல கேட்டுக்கங்க, ஒவ்வொரு இடத்துலயும் சத்தம் ஒண்ணு போல இருக்கும்னு நம்பாதீங்க. மஸ்டர்ல நீங்க வந்துட்டீங்கன்னு காட்டுற பேர் அட்டை டி-கார்டு, அதை நீங்களேதான் மாத்தணும், நண்பனுக்காக மாத்தி வைக்காதீங்க, வராத ஆளை வந்துட்டான்னு எண்ணிட்டா அவனைத் தேட யாரும் போக மாட்டாங்க.

1988 ஜூலை 6 ராத்திரி, நார்த் ஸீயில பைப்பர் ஆல்ஃபாங்குற எண்ணெய் பிளாட்ஃபார்ம்ல வெடிச்சுத் தீப்பிடிச்சு 167 பேர் இறந்தாங்க. நிறைய பேர் பழக்கிவிட்ட மாதிரியே தங்குற பிளாக்குல கூடி உத்தரவுக்காகக் காத்திருந்தாங்க, உத்தரவு வரவே இல்ல, புகை வந்துடுச்சு, அதுலதான் பெரும்பாலானவங்க போனாங்க. தப்பிச்ச 61 பேர்ல பலர், தானா முடிவெடுத்துக் கயிறு பிடிச்சோ குதிச்சோ கடலுக்கு இறங்கினவங்க. இதைச் சொல்றதால உத்தரவை மதிக்காதீங்கன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, மஸ்டர்ல நிக்கணும், எண்ணிக்கை குடுக்கணும், ஓஐஎம் (அங்க பொறுப்புல இருக்குற மேனேஜர்) சொல்றதைக் கேக்கணும், ஆனா நிக்கிற இடத்துக்கே புகையோ சூடோ வருது, சொல்றதுக்கும் ஆளு இல்லன்னா அடுத்த வழிக்கு நகரணும். அந்த அடுத்த வழி எதுன்னு அப்போ யோசிக்கக் கூடாது, முதல் நாளே நடந்து பார்த்திருக்கணும்.

2005 ஜூலை 27-ல நம்ம மும்பை ஹை நார்த்ல நடந்தது இன்னும் கிட்டத்துல உள்ள பாடம். பருவமழைக் கடல், விரல்ல காயம் பட்ட ஒருத்தரை பிளாட்ஃபார்முக்கு மாத்துறதுக்காக சமுத்ரா சுரக்‌ஷா கப்பல் பக்கத்துல வந்துச்சு, அலையில ரைசர் பைப்ல (கடலடியிலேருந்து பிளாட்ஃபார்முக்கு எண்ணெய், கேஸ் ஏத்துற குழாய்) மோதிடுச்சு, கேஸ் கசிஞ்சு தீ, ரெண்டு மணி நேரத்துல பிளாட்ஃபார்மே இல்ல. 22 பேர் போனாங்க, 362 பேரை மீட்டாங்க. தீ போன வேகத்துல லைஃப்போட் பெரும்பாலானதை இறக்கவே முடியல. உங்க பேருக்கு ஒரு கேப்சூல் (மூடின லைஃப்போட்) ஒதுக்கி வச்சிருப்பாங்க, அது இருக்குற பக்கமே தீயில இருந்தா எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

இறங்குறதுலயும் வரிசை உண்டு. உடம்பு நனையாம போற வழி இருந்தா அதுதான் முதல்: ஹெலிகாப்டர், பக்கத்துக் கப்பலுக்கு கேங்வே (நடைபாலம்). அடுத்து மூடின கேப்சூல், உள்ள போனதும் பெல்ட் போட்டு உக்காரணும், வாந்தி மாத்திரையைக் குமட்டல் வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், கேப்சூலுக்குள்ள சூட்டுல குலுக்கல்ல ஒருத்தன் வாந்தி எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க, வாந்தியில போற தண்ணி திரும்பக் கிடைக்காது. அடுத்துதான் ராஃப்ட், அதாவது காத்து ஊதி விரியுற மிதவை. அதோட கயிறு கப்பல்ல கட்டியிருக்கான்னு பார்த்துட்டுத் தூக்கிப் போடணும், கயிறை முழுசா இழுத்து கடைசியில வேகமா ஒரு வெட்டு இழுத்தாதான் ஊதும். கவுந்து விரிஞ்சா கேஸ் பாட்டில் இருக்குற பக்கம் ஏறி நின்னு, அடியில உள்ள பட்டையைப் பிடிச்சுப் பின்னாடி சாஞ்சா நிமிரும், காத்து உதவுற பக்கமா நிக்கணும். ஏறின உடனே கயிறை வெட்டி விலகணும், கடல் நங்கூரத்தை (ராஃப்ட் அடிச்சுட்டுப் போகாம தண்ணியில இழுத்துப் பிடிக்கிற துணிப்பை) போடணும், வாசலை மூடணும், தண்ணியை இறைச்சுக் காய வைக்கணும், ஓட்டை இருந்தா அடைக்கணும். முதல் 24 மணி நேரம் காயம்பட்டவங்க தவிர யாருக்கும் தண்ணி கிடையாது, கடல் தண்ணியை வாயில வைக்கவே கூடாது.

குதிக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. நீங்க ஸ்கஃபோல்டர்ங்குறதால இதைத் தனியா சொல்றேன், ஹார்னஸ், ஸ்பானர், பெல்ட்ல தொங்குற எல்லாத்தையும் முதல்ல கழட்டுங்க, ஹெல்மெட்டும்தான், அது போட்டுக் குதிச்சா கழுத்தை வெட்டி இழுக்கும். டிரஸ்ஸையும் ஷூவையும் கழட்டாதீங்க. முடிஞ்ச வரைக்கும் கீழ இறங்கி, ஆளு இருக்கா கட்டை இருக்கான்னு பார்த்து, ஒரு கையால மூக்கையும் வாயையும் பொத்தி, இன்னொரு கையால ஜாக்கெட்டைக் கீழ அமுக்கிப் பிடிச்சு, கீழ பார்க்காம தூரமா பார்த்து ஒரு அடி எடுத்து வைக்கிற மாதிரி இறங்கணும், பாயக் கூடாது. தண்ணிக்குள்ள போனதும் பிளாட்ஃபார்ம் கால் பக்கம் போகாதீங்க, அதுல ஒட்டியிருக்குற சிப்பியில அலை உங்களை அடிச்சுத் தோலை உரிச்சுடும். அலைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, மத்தவங்களோட கை கோத்து மிதங்க, காயம் பட்டவன் நடுவுல. நம்ம கடல் சூடுதானேன்னு நீந்தித் திரியாதீங்க, 28 டிகிரி தண்ணியும் நம்ம உடம்பைவிடக் குளிர்ச்சிதான், மணிக்கணக்கா இருந்தா சூட்டை உறிஞ்சிடும். மீட்க ஹெலிகாப்டர் வந்து கயிறு இறக்கினா அது தண்ணியைத் தொட்ட பிறகு பிடிங்க, அதுல மின்சாரம் ஏறியிருக்கும். பட்டையை அக்குள்ல மாட்டினதும் கையைக் கீழ வச்சுக்கங்க, தூக்கினா நழுவிடுவீங்க.

கடைசியா, நீங்க போறது பார்ஜ்ங்குறதால பி305-ஐ சொல்லியே ஆகணும். 2021 மே 17, தாக்டே புயல், நங்கூரம் அறுந்து பார்ஜ் அடிச்சுட்டுப் போய் மூழ்குச்சு, அதுல இருந்த 261 பேர்ல 186 பேரைத்தான் உயிரோட மீட்டாங்க. ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் கொல்கத்தா எல்லாம் அந்தக் கடல்ல போய்த் தேடினாங்க, பல பேர் ஜாக்கெட்டோட ராத்திரி முழுக்கத் தண்ணியில கை கோத்துக் கிடந்தவங்க. ராஃப்ட் பலது ஓட்டையா இருந்துச்சுன்னு தப்பினவங்க சொன்னாங்க. ராஃப்ட் பெட்டி மேல கடைசியா சர்வீஸ் பண்ணின தேதி, அடுத்த தேதி எழுதியிருக்கும், நீங்களே போய்ப் படிங்க, கடந்துபோயிருந்தா சேஃப்டி மீட்டிங்ல எழுந்து கேளுங்க, கேட்டதை எழுதி வைக்கச் சொல்லுங்க. ஜாக்கெட்டுல விசிலும் லைட்டும் இருக்கான்னு பாருங்க. புயல் எச்சரிக்கை வந்தா பார்ஜ் எப்போ கிளம்புது, எந்தத் துறைமுகத்துக்குப் போகுதுன்னு முதல் நாளே கேளுங்க, மத்த பார்ஜெல்லாம் கிளம்பி உங்களது மட்டும் நிக்குதுன்னா தனியா கேக்காம கேங்கோட சேந்து ஃபோர்மேனைக் கேளுங்க. மே, ஜூன் மாசமும் அக்டோபர், நவம்பரும் அரபிக்கடல்ல புயல் சீசன், உங்க ரோட்டேஷன் (கடல்ல வேலை பாக்குற முறை) அதுல விழுதான்னு இப்போவே பார்த்துக்கங்க.